வீட்டை இழுக்க ஒரு வண்டி

திண்டுக்கல்லுக்கு நான் போனது ஒரு டீசல் வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்காக. எங்கள் ஊர் ஈப்போவில் இதைச் சொன்னபோது என் மகள் நம்பவில்லை. "முதல் தடவையா இந்தியாவுக்குப் போறீங்க. இராமேஸ்வரம் போகலாம், தாஜ்மகால் பார்க்கலாம். லாரி பார்க்கப் போறேன்னு சொல்றீங்களே அம்மா!" என்றாள். லாரி பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக ட்ரெய்லர் ஓட்டுகிறேன். சுண்ணாம்புக்கல், சிமெண்டு, சில சமயம் இரும்புக் குழாய்.

கூப்பிட்டவர் அருளப்பன் அண்ணன். எங்கள் கம்பெனிப் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். ஊர் திரும்பி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திரும்பிய கையோடு தன் தென்னந்தோப்பில் ஒரு கொட்டகை போட்டு, சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அப்படி ஒரு வீட்டுவண்டி எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்தபோது அவர் மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சாதாரண இழுவை வண்டியைப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டுவார்கள். இது வேறு வகை. இழுக்கும் வண்டியின் முதுகிலேயே, பின் அச்சுக்கு மேலே, ஒரு வட்டத் தட்டு இருக்கும். வீட்டின் முன்பகுதி அதன்மேல் ஏறி உட்காரும். வீட்டின் பாரத்தில் ஒரு பங்கை இழுக்கிற வண்டி சுமந்தாக வேண்டும். அந்தத் தட்டை நாங்கள் 'ஃபிஃப்த் வீல்' என்போம். திண்டுக்கல்லில் அதற்கு 'டர்ன்டேபிள்' என்று பெயர்.

"வீடு முடிஞ்சிருச்சு தங்கச்சி. தற்காலிக நம்பரும் வாங்கிட்டேன். இழுக்கத்தேன் வண்டி இல்ல. நீ வந்து ஒரு பிக்கப் பாத்துக் குடு" என்றார் போனில். அவருக்கு இரும்பு தெரியும். பாரம் இழுத்துப் பழக்கமில்லை. கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே பேருந்து என்னைக் கைவிட்டது. மதுரையில் ஏறும்போது "திண்டுக்கல் போகுமா?" என்று கேட்டேன், "போகும்" என்றார் நடத்துநர். ஊருக்குள் போகுமா என்று நான் கேட்கவில்லை. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தி, "பைபாஸ்தேன்மா, இறங்குங்க" என்றார். இரண்டு பெட்டிகளோடு வெயிலில் நின்றேன். எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் அது ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி இருக்கும். இங்கே அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

அருளப்பன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அங்கனயே நில்லு, ஆள் வருது" என்றார். கால் மணி நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வளைந்து வந்து, என் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஓட்டி வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். வண்டிக்குள் மல்லிகை வாசம் மூச்சை அடைத்தது.

"வாசுகிதான? ஏறு தாயி. நான் சகாயமேரி, அவுக வீட்டுக்காரி."

பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் தன் மனைவி வண்டி ஓட்டுவார் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அண்ணி, நீங்க எப்ப ஓட்டக் கத்துக்கிட்டீங்க?" என்றேன். இங்கே அண்ணியை மதினி என்பார்கள் என்று திருத்திவிட்டுச் சொன்னார்: "அவுக அங்க இருக்கையிலதேன். மூணு வருசம் சும்மா இருந்து பாத்தேன். முடியல. தோட்டந்தோட்டமாப் போயி பூ எடுத்து மார்க்கெட்டுல போடுறேன். இப்ப நாப்பது வீட்டுப் பூவு என் வண்டிக்குத்தேன் காத்துக் கெடக்கு."

வீட்டுக்குப் போனதும், "பசியாறியாச்சா?" என்று அண்ணனைக் கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கும் சொல் அது. மதினி விழித்தார். கொஞ்ச நேரத்தில் அவர், "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்றபோது நான் விழித்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு தமிழுக்கும் நடுவில் நின்று அண்ணன் மொழிபெயர்த்தார். அன்றைக்கு வெஞ்சனம் கத்தரிக்காய்ப் பொரியலும் கருவாடும்.

சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான வீடு. வெளியே வெளிர் பச்சை வண்ணம். உள்ளே கருங்கல் பதித்த சமையல் மேடை, தேக்குக் கட்டில், தரையிலும் சுவரிலும் ஓடு பதித்த குளியலறை. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஒவ்வொரு பற்றவைப்பும் தேய்த்து வழுவழுப்பாக்கப்பட்டிருந்தது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம். சக்கரங்களுக்கு மின்சார பிரேக், அதை ஓட்டுநர் கையால் அழுத்த ஒரு சின்னப் பெட்டி.

"காசுமீரு வரைக்கும் போகணும். பன்னெண்டு வருசம் இவளத் தனியா விட்டுட்டேன்ல" என்றார் அண்ணன். மதினி திரைச்சீலையின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எடை எவ்வளவுண்ணே?"

"மூணு டன்னு வரும். இரும்பு வாங்குன கணக்கு இருக்கு."

மறுநாள் காலை வெளிச்சம் வரும் முன்பே மதினி என்னை எழுப்பினார். "நீ லாரிக்காரி. என் வண்டியில செத்த நேரம் உக்காந்து வா" என்றார். நிலக்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பு அகலமே உள்ள பாதைகளில் மதினி வண்டியைப் பின்னோக்கியே ஓட்டிப் போனார். ஒவ்வொரு தோட்டத்திலும் ஈரத்துணி சுற்றிய மூட்டைகள். மொட்டு வெடிப்பதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் சிமெண்டு ஏற்றினால் ஒரு மணி நேரம் பிந்தினாலும் முதலாளிதான் திட்டுவார். சிமெண்டு வாடாது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்தோம். எங்கள் ஊரில் உயரத் தூக்கி ஆற்றும் தே தாரிக் போல நுரை இல்லை, இஞ்சி அதிகம். மதினி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "நான் காசுமீரு பாக்கணும்னு ஒருநாளும் கேட்டதில்ல வாசுகி."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அவுகளுக்கு மனசுல ஒரு பாரம். அதை எறக்கி வைக்க வீடு கட்டுறாக. நாலு வருசமாக் கட்டுறாக. ஆறு மாசம் நான் போயிட்டா இந்த நாப்பது வீடும் வேற வண்டிக்குப் போயிரும். திரும்பி வந்தா எனக்கு ஒண்ணும் இருக்காது. இத எப்பிடிச் சொல்றது? கொட்டகையில அவுக வேர்த்து நிக்கிறதப் பாத்தா வாய் வரல."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நீ வண்டியை மட்டும் பாரு."

அன்று பகலில் மூவரும் வண்டி பார்க்கப் பேகம்பூர் போனோம். பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில் காஜா பாய் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். உட்கார வைத்துவிட்டு யாரிடமோ போனில் உருதுவில் பேசினார். முடித்ததும், "வீட்டுல பேசுனேன். மத்தியானத்துக்கு மூணு ஆளு கூடுதல்னு சொன்னேன். நீங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்று சிரித்தார். அந்தப் பிரியாணியை நான் இன்னும் மறக்கவில்லை. சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னக் கறித்துண்டு, மிளகுக் காரம். எங்கள் ஊர்ப் பிரியாணி பாசுமதியில் நீளம் நீளமாக அலங்காரம் செய்துகொண்டு வரும். இது குள்ளமாக, அடக்கமாக வந்து ஆளைச் சாய்த்துவிட்டது.

பாய் காட்டிய முதல் வண்டி ஒரு கறுப்பு பிக்கப். இரண்டு வரிசை இருக்கை, உயரமான முகப்பு, சக்தி மிகுந்த டீசல் எஞ்சின். அண்ணன் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குக் கவலை வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் பெண்ணையே பிடித்துப்போன மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"சும்மா பறக்கும்மா. கொடைக்கானலுக்கு மூணாவது கியர்லயே ஏறும்" என்றார் பாய்.

"ஏறுறது சரி பாய். எறங்குறது எப்படி?"

குனிந்து பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினேன். குறைவு. குடும்பத்தோடு சொகுசாகப் போவதற்குச் செய்த வண்டி. எஞ்சின் சக்தி என்பது வாங்கும்போது பேசுகிற பேச்சு. பாரம் இழுப்பவர்கள் பார்ப்பது வேறு: பின் அச்சு எவ்வளவு சுமக்கும், பிரேக் எவ்வளவு தாங்கும், வண்டியின் சொந்த எடை என்ன. நாய் பெரிதா வால் பெரிதா என்பதுதான் கேள்வி. வால் பெரிதாக இருந்தால் நாயை வால் ஆட்டிவிடும். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கறுப்பு வண்டியின் கதவைத் தடவினார்.

இதற்கு மேல் நடந்ததில் என் தவறும் உண்டு. மூன்றாம் நாள் காலை முதலில் எடைமேடைக்குப் போய் வீட்டை நிறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போனால் அங்கே மின்சாரம் இல்லை, மத்தியானம்தான் வருமாம். பாய் கறுப்பு வண்டியை அன்றைக்கு மட்டும் சோதனைக்குத் தந்திருந்தார். சேசிஸில் துளை போடாமல், யூ-போல்ட் வைத்து இறுக்கும்படி அண்ணன் டர்ன்டேபிளை அழகாகச் செய்திருந்தார். "சிறுமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம் தங்கச்சி. ஒரே ஒரு வளைவு. மூணு டன்னுதான?" என்று கெஞ்சினார். ஈப்போவில் என் மேலாளர் இப்படிக் கேட்டிருந்தால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நான்கு ஆண்டு உழைப்பு நகர்வதைப் பார்க்கத் துடிக்கும் ஒரு மனிதரிடம் அதைச் செய்ய முடியவில்லை.

நான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில், மதினி பின் இருக்கையில். நத்தம் சாலையில் சமதளத்தில் வண்டி நன்றாகவே போனது. பனைகளும் மாந்தோப்புகளும் மெதுவாக நகர்ந்தன. ஜனங்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் தன் தோழரிடம், "ஏலே, வீட்டத் தூக்கிட்டுப் போறாங்கடா!" என்று கத்தியது காதில் விழுந்தது. அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் ஸ்டீயரிங் என் கையில் லேசாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது. பின்புறம் அமுங்கினால்தான் முன் சக்கரத்துக்குத் தரையில் அப்படிப் பிடி தளரும்.

மலைச்சாலை தொடங்கியது. எஞ்சினுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முதல் வளைவு வரை ஏறிவிட்டது. அங்கே அகலமான இடத்தில் திருப்பி, முதல் கியரில் இறங்கத் தொடங்கினேன். ஐம்பது அடி போயிருப்போம். வீடு எங்களைத் தள்ளத் தொடங்கியது.

பிரேக்கை மிதித்தேன். கையில் இருந்த பெட்டியையும் அழுத்தினேன். முதலில் பிடித்தது, பிறகு பிடி நழுவியது. கருகின வாசனை உள்ளே வந்தது. முதல் கியரிலும் எஞ்சின் அலறியது. கீழே ஒரு பேருந்து மேலே ஏறி வருவது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலை, அதன் அடியில் மழைநீர் ஓடும் கால்வாய்.

"புடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். இடப்பக்கச் சக்கரங்களைக் கால்வாய்க்குள் இறக்கினேன். வண்டி ஒரு குதி குதித்தது. பாறையில் தகடு உரசுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பின்னால் வீட்டுக்குள் பாத்திரங்கள் விழுந்தன. நின்றுவிட்டோம். பேருந்து எங்களைக் கடந்து, வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு மேலே போனது.

என் கால் பிரேக் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து மதினியின் கை வந்து என் தோளைப் பிடித்தது.

எங்களுக்குப் பின்னால் மலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன லாரி நின்றது. இரண்டு ஆண்கள் குதித்து ஓடி வந்தார்கள். "யக்கா, கால எடுக்காதீங்க! கல்லு போட்டுக்கிறோம்" என்று சொல்லி, எட்டுச் சக்கரத்துக்கும் கல் வைத்த பிறகுதான் நாங்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களில் மீசைக்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி சத்தம் கேக்குதே" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"டேங்க்கு" என்றார் அவர் மெல்லிய குரலில். "ஆயிரம் லிட்டரு. நீ வரியேன்னு, குளிக்கிற பைப்பு வேலை செய்யிதான்னு காட்ட ரொப்பி வச்சேன்."

ஒரு டன் தண்ணீர். அவர் சொல்ல மறந்தார், நான் கேட்க மறந்தேன். அடிக்குழாயைத் திறந்துவிட்டோம். தண்ணீர் சாலையில் வளைந்து வளைந்து கீழே ஓடியது. அது வடியும் வரை மீசைக்காரர் எங்களுக்கு மலைவாழைப்பழம் கொடுத்தார். மெல்லிய தோல், இனிப்போடு ஒரு புளிப்பு. நான் மூன்று பழம் தின்றேன். அப்போதுதான் அவர் லாரியை நன்றாகப் பார்த்தேன். பழைய வண்டி, தட்டை முகம், வண்ணம் வெளுத்தது. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர். ஸ்பிரிங் பட்டைகள் புத்தகம் அடுக்கியது போல இருந்தன.

"பிரேக்கு எப்படிண்ணே?" என்றேன்.

"எறங்கும்போது பிரேக்கை எங்கம்மா தொடுறோம்? இந்தா, இந்தச் சுவிச்சத் தட்டுனா சைலன்சர்ல காத்தை அடைக்கும். எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். தினம் ரெண்டு தடவை எறங்குறோம்."

வீட்டுச் சக்கரங்களின் சூடு தணியும் வரை காத்திருந்து, மனித நடையை விட மெதுவாக இறங்கினோம். வாழைக்காரர்கள் அடிவாரம் வரை எங்கள் பின்னாலேயே வந்தார்கள்.

மத்தியானம் எடைமேடையில் மின்சாரம் வந்திருந்தது. பிக்கப்பைக் கழற்றித் தனியாக ஒருமுறை, சேர்த்து ஒருமுறை நிறுத்தோம். தண்ணீர் போன பிறகும் வீடு நாலே கால் டன். மலையில் ஏறும்போது ஐந்தே கால். அண்ணன் கணக்கில் கருங்கல் இல்லை, ஓடு இல்லை, தேக்கு இல்லை. அவர் வாங்கின இரும்பைத்தான் எண்ணியிருந்தார்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடைமேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இடப்பக்கத் தகடு முழுக்கப் பாறை கிழித்த கோடு. "உங்க ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தேன்" என்றார். "நாளைக்கே உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுர்றேன்."

மதினி அவருக்கு எதிரில் போய் நின்றார். எடைமேடைக்காரர் நாகரிகமாக உள்ளே போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"உடைக்க வேணாம்" என்றார் மதினி. "ஆனா காசுமீருக்கு நான் வரல."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வருசம் நீங்க ஒழைச்சீக. நானும் சும்மா இருக்கல. எனக்கு ஒரு தொழில் இருக்கு. அத விட்டுட்டு ஆறு மாசம் ஊர் சுத்த என்னால ஏலாது. மார்கழி, தையில பனிக்குப் பூ கொறஞ்சிரும். அப்பப் பத்து நாளு போவோம். மத்த நாளு வண்டி எனக்கு வேணும். வீட்டக் கழத்தி வச்சுட்டுப் பூ ஏத்தணும். அந்தக் கறுப்பு வண்டியில எத்தன மூட்டை புடிக்கும்? அலங்காரத்துக்கா வாங்குறது?"

"இத ஏன் நீ மின்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கோபம் வரும் என்று பயந்தேன். அவர் எழுந்து, வீட்டின் கதவைத் திறந்து, உள்ளே ஏறினார். இரும்பு வேலைக்காரர் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மொதல்ல இந்தக் கருங்கல்லு போகட்டும்" என்றார்.

"அந்தத் தேக்குக் கட்டிலும்" என்றார் மதினி வெளியிலிருந்து. "அதுல படுத்தா எனக்கு முதுகு வலிக்கிது."

நான் ஐந்து நாளில் திரும்புவதாக இருந்தது. பதினொரு நாள் தங்கினேன். அண்ணன் விடியற்காலையில் தொடங்கி ஓடுகளைப் பெயர்த்தார். பாறை கிழித்த இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு, மேல்பாதி முழுவதும் அலுமினியத் தகடு போட்டார். தொட்டி இருநூறு லிட்டராகச் சுருங்கியது. தேக்குக் கட்டில் வீட்டு முற்றத்துக்கு வந்து கோழிகளுக்குப் பயன்பட்டது. சக்கரங்களில் பெரிய பிரேக் டிரம் மாற்றினார். வேலையின் நடுவே அவர் விசில் அடித்ததை நாலாம் நாள்தான் கேட்டேன்.

மதினியும் நானும் மறுபடி பேகம்பூர் போனோம். கறுப்பு வண்டியின் கீறலைத் தானே சரிசெய்து தருவதாக அண்ணன் முன்பே போய்ச் சொல்லியிருந்தார். அதனால் காஜா பாய் கோபத்தில் இல்லை. "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே, அல்லாவுக்குப் புகழ்" என்று மட்டும் சொன்னார். வாழைக்காரர்களுடையதைப் போல ஒரு சின்ன லாரி வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "பார்க்க நல்லா இருக்காதே மா" என்றார்.

"பூவுக்கு அது தெரியாது பாய்" என்றார் மதினி.

பாயின் கொட்டகைக் கடைசியில் அப்படி ஒன்று நின்றது. தட்டை முகம், ஆறு சக்கரம், நீளமான பின்தளம். மதினி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தார். நான் அடியில் படுத்து அச்சையும் பட்டைகளையும் பார்த்தேன். சைலன்சரில் காற்றை அடைக்கும் பிரேக் இருந்தது, ஆனால் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தால்தான் வண்டியைத் தொடுவோம் என்றேன். பாய் இரண்டு நாளில் சரிசெய்து, தானே சிறுமலைக்குக் வாழை லாரி போல மூட்டை ஏற்றி இறக்கிக் காட்டினார். டர்ன்டேபிளை நான்கு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி அண்ணன் மாற்றினார். அதைக் கழற்றிவிட்டால் பின்தளம் வெறும் பலகை. மதினி நின்று அளந்து பார்த்து, "குட்டியானையப் போல மூணு பங்கு புடிக்கும்" என்றார்.

யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோது, கனரக உரிமம் எடுக்கப் போவதாக அண்ணன் சொல்லிப் பார்த்தார். வெல்டிங் வெளிச்சத்தில் அவருக்கு வலக்கண் மங்கியிருப்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தப் பேச்சு தானாகவே நின்றது. பூ வியாபாரத்துக்காக மதினி அந்த உரிமத்தை முன்பே எடுத்து வைத்திருந்தார்.

தோப்பில் மதினி பின்னோக்கி ஓட்டிப் பழகினார். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது கையை நேர்மாறாகத் திருப்புகிற வேலை. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். குட்டியானையை வரப்பில் பின்னோக்கி ஓட்டியவருக்கு இது மூளையைக் குழப்பியது. இரண்டு தென்னங்கன்று போனது. மூன்றாவதைக் காப்பாற்ற அண்ணன் குறுக்கே நின்று கத்தினார். மதினி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மரத்துக்குக் குடுக்குற மரியாதைய ஓட்டுறவளுக்குக் குடுங்க" என்றார். அவர் விலகிக்கொண்டார். அடுத்த முறை வீடு நேராகக் கொட்டகைக்குள் போயிற்று.

நான் புறப்படும் நாளில், ரயிலுக்குக் கொடைரோடு போக வேண்டியிருந்தது. "வீட்டுலயே கொண்டு போய் விடுறோம்" என்றார் மதினி. எடைமேடையில் மறுபடி நிறுத்தோம். மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முன் இருக்கையில் மூவரும் உட்கார்ந்தோம். ஸ்டீயரிங் மதினியிடம். வண்டி நிதானமாகப் போனது. பின்னால் வீடு வருவதே தெரியவில்லை. இடப்பக்கம் சிறுமலை நீலமாகக் கூடவே வந்தது. வேகத்தடையில் இறங்கும்போது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் விடுவதும் கேட்டது. "கியரை மாத்து, பஸ்ஸு வருது பாரு" என்றார். "செத்த நேரம் பேசாம வாங்க" என்றார் மதினி. பேசாமல் வந்தார்.

ரயிலுக்கு நேரமிருந்தது. நிலையத்துக்கு வெளியே, கொடைக்கானல் போகும் வேன்கள் நிற்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தினோம். உள்ளே புளிச்சாதமும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். கருங்கல் இருந்த இடத்தில் இப்போது ஒரு மெல்லிய பலகை. தட்டு வைத்தால் கொஞ்சம் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு வேன் ஓட்டுநர் வீட்டை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் வந்தார். "நீங்க செஞ்சதாண்ணே? அம்சமா இருக்கு. எங்க வரைக்கும் போறீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். நான்கு ஆண்டாக எல்லோரிடமும் சொல்லிவந்த ஊர்ப்பெயர் அவர் நாக்கில் இருந்தது எனக்குத் தெரியும். பிறகு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்த மதினியின் பக்கம் கையைக் காட்டினார்.

"டிரைவரக் கேளுங்க" என்றார்.

மதினி திரும்பிப் பார்த்தார். அண்ணனைத்தான் பார்த்தார், வேன்காரரை அல்ல.

"இன்னைக்கு இம்புட்டுதேன்" என்றார். "காலையில பூ எடுக்கணும்."